அவன் கேட்டது

எல்லாரும் எந்திரிக்கிறாங்க, நானும் எந்திரிக்கிறேன். முழங்கால் சட்டுனு நிமிர மாட்டேங்குது. பக்கத்துல இருக்கிற ஹவில்தார் தம்பி தணிகைவேல் கையக் குடுத்து, "மெதுவாம்மா, அவங்க உக்காந்ததும் நாம உக்காந்துடலாம்"ங்கிறாரு. வேலூர்ப் பக்கத்துக்காரரு, நான் ரயில் எறங்குனதுலருந்து கூடவே இருக்காரு, இங்க்லீசும் இந்தியும் பேசுறத எனக்குத் தமிழ்ல சொல்றதுக்குன்னே போட்டிருக்காங்க. ஒருத்திக்குச் சொல்றதுக்கு ஒரு ஆளு. அஞ்சு ஆபீசருங்க வரிசையா உள்ள வாராங்க, நெஞ்சு முழுக்கப் பட்டை பட்டையா மெடல், நடக்கும்போது ஒண்ணோட ஒண்ணு உரசி லேசாச் சத்தம் கேக்குது. நடுவுல உக்காருறவருதான் பெரியவரு, பிரிகேடியராம், மீசை வெள்ளையா இருக்கு. மேசைக்குப் பச்சைத் துணி விரிச்சிருக்கு. பூட்ஸ் பாலீஷ் வாடை. எம் மகன் அழகுராஜா லீவுல வந்தா வீடு முச்சூடும் இதே வாடைதான், அவன் போன பொறவும் ரெண்டு நாள் கிடக்கும், நான் கதவத் தொறக்க மாட்டேன். வெளிய பனி, ஜன்னல் பூரா வெள்ளை, மரமும் தெரியல ரோடும் தெரியல. இந்த ஊரே இல்லாம இந்த ஒரு ரூம் மட்டும் மேகத்துல மிதக்குற மாதிரி இருக்கு. இம்புட்டுப் பேரும் எம் மகனுக்காகவா வந்திருக்காங்க? கல்லுலயும் முள்ளுலயும் ஓடித் திரிஞ்ச பயலுக்காகவா இந்தப் பெரியவரு வெள்ளை மீசையச் சீவிக்கிட்டு வந்து உக்காந்திருக்காரு? நம்ப முடியல. ஹவில்தார் தம்பிகிட்ட மறுபடியும் கேக்கணும் போல இருக்கு. காலையிலயே ரெண்டு தடவ கேட்டுட்டேன். "ஆமாம்மா, உங்க பையன் கேஸுதான். இது ராணுவக் கோர்ட்டு. கர்னல் மேலதான் விசாரணை"ன்னாரு.

அவரக் கொண்டுவாராங்க. கர்னல் நேகி. தலையில தொப்பி இல்ல, இடுப்புல பெல்ட்டு இல்ல, அதெல்லாம் கழட்டி வச்சிட்டுத்தான் இங்க நிக்கணுமாம். தொப்பி இல்லாத தலையில முடி அமுங்கி ஒரு கோடு விழுந்திருக்கு. காது பெருசா இருக்கு. இந்த மூஞ்சியப் பாக்கத்தான் மூணு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்தேன். வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள ஒவ்வொரு சாபமா எடுத்துக் கோத்துக்கிட்டே வந்தேன், வாயத் தொறந்தா எது மொதல்ல விழும்னு எனக்கே தெரியாது. இப்ப அந்தக் காதப் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க அக்கா சண்முகத்தாய் பட்டாசு ஆலையில மருந்து அடைக்கிற ரூம்ல வெந்து போனா. அவளோட சேந்து இன்னும் நாலு பொம்பளைங்க. நான் அடுத்த ரூம்ல திரி வெட்டிக்கிட்டு இருந்தேன், ஓடு பறந்துச்சு, காதுல கொய்யின்னு ஒரு சத்தம், அது நிக்கவே வருசமாச்சு. அந்த ஆலை மொதலாளி மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. போர்மேன புடிச்சாங்க, அவன் வெளிய வந்துட்டான், ஆலைக்குப் பேரு மாறுச்சு, நாங்களே மறுபடியும் அங்கதான் வேலைக்குப் போனோம். கருமருந்து எங்க கைரேகைக்குள்ள இருக்கு, சோத்துல பெசைஞ்சு தின்னுருக்கோம். அதான் எம் மகன இந்த வேலையே வேண்டாம்னேன். நீ இந்தப் பக்கமே வராத, வெடி வாடையே இல்லாத எடமாப் போன்னேன். இவன் பட்டாளத்துக்குப் போறேன்னான். துப்பாக்கி இருக்குமேடான்னேன். சிரிச்சான். "அது மருந்து அடைக்கிற வேலை இல்லம்மா. ரேடியோ தூக்கிட்டு ஆபீசர் கூடவே நடக்கிற வேலை"ன்னான். ஆபீசர் கூடவே. இந்தக் காதுக்காரரு கூடவே.

ஒருத்தரு எந்திரிச்சு இங்க்லீசுல படிக்கிறாரு. நம்பரு, ரேங்கு, பேரு. அழகுராஜாங்கிறத அளகுராஜ்னு படிக்கிறாரு. ஹவில்தார் தம்பி காதுகிட்டச் சொல்லிக்கிட்டே வாராரு. பாலைவனத்துல பீரங்கி சுடுற மைதானம். சுட்டதுல ஒரு குண்டு வெடிக்காம மணல்ல கிடந்துச்சு. அத எடுக்கத் தனியா ஆளுங்க இருக்காங்க, அவங்க வர நேரமாகும். மறுநாள் ரொம்பப் பெரிய ஆபீசர் பாக்க வாராரு, மைதானம் சுத்தமா இருக்கணும். அந்தக் குண்டுகிட்டக் கொடி நட்டு எடம் குறிக்கப் போனவன்தான் எம் மகன். அவன் கிட்டப் போனதும் அது வெடிச்சிருச்சு. எனக்கு இது தெரியும். ஆனா மொதல்ல எங்க ஊருக்கு வந்த சேதி இது இல்ல. தானாப் போனானாம். குண்டுத் துண்டு இரும்பப் பொறுக்கி விக்கப் போனானாம். பித்தளைக்கு ஆசைப்பட்டானாம். யாரோ ஒரு ஆபீசர் அப்படி எழுதிட்டாரு, இந்தக் கர்னல் அது பொய்யின்னு சொல்லாமலே இருந்திருக்காரு. பொட்டிய எறக்கி வச்சு, கொடி போத்தி, துப்பாக்கியால மேல சுட்டு மரியாதை எல்லாம் செஞ்சாங்க. ஆனா தெருக்குழாய்ல தண்ணி புடிக்கும்போது எம் பின்னால பேசுனாங்களே, இரும்புக்கு ஆசைப்பட்டு உசுர விட்டுட்டான்னு. அவன் அப்பா அதுக்குப் பொறவு டீக்கடைப் பக்கமே போகல. மூச்சிரைப்புன்னு சொல்லுவாரு. மூச்சிரைப்பு இல்ல.

பொறவு கர்னலே வாயத் தொறந்தாராம். எப்படின்னு ஹவில்தார் தம்பி ரயில்வே ஸ்டேஷன்லருந்து வரும்போது வண்டியில சொன்னாரு. ஒரு நாள் காலைல இவரே போய் மேல இருக்கிறவங்க முன்னால நின்னு, நான்தான் அனுப்புனேன்னு சொல்லிட்டாராம். யாரும் கேக்கலையாம். சாட்சி கிடையாதாம், அந்த எடத்துல அப்ப இவரும் எம் மகனும் மட்டும்தான், ஜீப் டிரைவர் எங்கயோ தள்ளி நின்னிருக்கான். ஒலகத்துல ஒருத்தரும் இவர ஆமான்னு சொல்ல வச்சிருக்க முடியாது. செத்தவன் வந்து சொல்லப் போறானா? வேலூர்த் தம்பி அதச் சொல்லும்போது ஸ்டியரிங்கப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "எனக்கே புரியலம்மா. பொண்ணு காலேஜுல படிக்குது. இன்னும் ஒரு புரமோஷன் பாக்கி. சும்மா இருந்திருந்தா எல்லாம் ஓடிப் போயிருக்கும்." எனக்கும் புரியல. புரியாதது ஒரு பாறை மாதிரி நெஞ்சுல உக்காந்திருக்கு. பொய் சொல்றவன வெறுக்கத் தெரியும். எங்க ஊருல அதுக்கு நல்லாப் பழகியிருக்கோம். ஆமா நான்தான்னு சொல்றவன என்ன செய்யிறது? சாபத்த எந்தப் பக்கம் வீசுறது?

குற்றத்த ஒத்துக்கிறீங்களான்னு கேக்குறாங்க. கர்னலோட வக்கீல், அவரும் யூனிபாரம்தான், கர்னல் கையப் புடிச்சு இழுத்து என்னமோ மெதுவாச் சொல்றாரு. கர்னல் கைய விடுவிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்றாரு. ஒரே வார்த்தை. எனக்கு இங்க்லீஷ் தெரியாது, ஆனா அந்த வார்த்தை விழுந்ததும் வக்கீல் பேப்பர மூடி வச்சதுல எனக்கே தெரிஞ்சுபோச்சு, ஒத்துக்கிட்டாரு. ஹவில்தார் தம்பி தமிழ்ல சொல்லக்கூட இல்ல. நான் பச்சைத் துணியப் பாக்குறேன், அதுல ஒரு தண்ணி டம்ளர் வட்டமாத் தடம் விட்டிருக்கு. ஒரு நிமிசம் அதுதான் எனக்கு ஒலகம். அப்புறம் கர்னல் திரும்ப என்னமோ கேக்குறாரு, பிரிகேடியர் பக்கத்துல இருக்கிற சட்டம் தெரிஞ்ச ஆபீசர்கிட்டக் குனிஞ்சு பேசுறாரு, தலைய ஆட்டுறாரு. "தமிழ்ல பேச அனுமதி கேட்டாரும்மா. உங்களுக்குப் புரியணுமாம்"னு ஹவில்தார் தம்பி சொல்லி முடிக்கல, அதுக்குள்ள அந்த ஆளு என்னப் பாத்துத் திரும்பிட்டாரு. மலைநாட்டுக்காரரு. எங்கயோ பனிமலைக்குக் கீழ பொறந்தவரு. நம்ம பக்கத்துப் பையன்க நெறைய இருக்கிற யூனிட்டுங்கிறதால ஆபீசருங்க தமிழ் படிச்சே ஆகணுமாம், எம் மகன் சொல்லியிருக்கான். ஆனா இது படிச்ச தமிழ் இல்ல. பையன்ககிட்டருந்து வாயில ஒட்டுன தமிழு.

"அம்மா. ஒங்க பையன் தானாப் போகல. நான் போகச் சொன்னேன். இரும்பு எடுக்கப் போகல. யாரும் அவன ஒண்ணும் சொல்லக்கூடாது. நான் சொன்னேன், அவன் போனான். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். எங்க ஊரு வார்த்தை, ஒரு மலைக்காரரு வாயிலருந்து. எனக்கு ரோமமெல்லாம் குத்திட்டு நிக்குது. கோயில்ல சாமி வந்தவுக வேற கொரல்ல பேசும்போது வருமே, அந்த மாதிரி, ஆனா இது சாமி இல்ல, தலையில தொப்பிக் கோடு விழுந்த ஒரு மனுசன், கை ரெண்டும் தொடையோட ஒட்டி விறைச்சு நிக்கிது. அஞ்சு ஆபீசரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஹவில்தார் தம்பி எந்திரிச்சு அத இங்க்லீசுல சொல்றாரு, ஒருத்தரு டைப் அடிக்கிறாரு. யாரும் அவன ஒண்ணும் சொல்லக்கூடாதுங்கிறதும் அதுல இருக்கு. தெருக்குழாய்ல பேசுனவளுக அத்தன பேரும் ஞாபகத்துக்கு வாராங்க, அவங்க மேல கோவம் வரல. அவன் அப்பாவுக்குப் போன் போடணும். என்னன்னு சொல்றது? அவுக அழுவாக. அழுது முடிச்சுட்டு டீக்கடைக்குப் போவாகளா? நான் சொன்னேன், அவன் போனான். நான் சொன்னேன், அவன் போனான். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையா? நான் இவனப் பெத்தவ. கடைக்குப் போடான்னாக்கூட ஏன், எதுக்கு, அப்புறமாப் போறேன்னு மூணு வார்த்தை பேசாமப் போனவன் இல்ல. தீபாவளிக்கு ஊரெல்லாம் வெடிக்கும்போது கதவுக்குப் பின்னால நின்னு காதப் பொத்திக்கிட்டுப் பாப்பான். புஸ்வாணம் பாதியில நின்னுட்டா மத்த பயலுக குனிஞ்சு பாப்பானுக, இவன், வேண்டாம்டா வேண்டாம்டான்னு அங்கருந்தே கத்துவான். அவன் ஒண்ணும் சொல்லாமலா போனான்?

டீ குடிக்க விட்டாங்க. வராண்டாவுல கனமான கப்புல டீயக் குடுத்து ரெண்டு பிஸ்கட்டும் தட்டுல வச்சிருக்காங்க, கப்பு சூடு கையில ஏறுது, அது மட்டும்தான் எனக்குத் தெரியுது. பனி கொஞ்சம் விலகி ஒரு கொடிக்கம்பத்தோட பாதி தெரியுது, மேல கொடி இருக்கா இல்லையான்னு தெரியல. வராண்டாவோட அந்தக் கடைசியில அவரு நிக்கிறாரு. பக்கத்துல காவலுக்கு ஒரு சின்ன ஆபீசர், மூஞ்சியில மீசைகூடச் சரியா வரல, தான் காவல் காக்கிற ஆளத் தானே நிமிந்து பாக்க முடியாம தரையப் பாக்குறான். நான் கப்பக் கீழ வச்சது எனக்குத் தெரியாது. நடந்துக்கிட்டு இருக்கேன். "அம்மா, அங்க போகக்கூடாதும்மா"ன்னு ஹவில்தார் தம்பி பின்னாலயே வாராரு, ஆனா புடிச்சு இழுக்கல. சாபமெல்லாம் எங்க போச்சுன்னு தேடுறேன், ஒண்ணுகூடக் கிடைக்கல. சின்ன ஆபீசர் கையத் தூக்குறான், கர்னல் மெதுவா அவன்கிட்ட என்னமோ சொல்றாரு, அவன் கை எறங்குது.

"ஐயா, போன்னு சொன்னப்ப எம் மகன் என்ன சொன்னான்?"

அவரு பூட்ஸப் பாக்குறாரு. நல்லா மினுமினுன்னு இருக்கு, அதுல ஜன்னல் தெரியுது. அவரு நெனச்சா, "ஒண்ணும் சொல்லலம்மா, தைரியமாப் போனான்"னு சொல்லிரலாம். அப்படிச் சொன்னா எனக்கும் நல்லாத்தான் இருக்கும், ஊருக்குப் போய்ச் சொல்லலாம், போட்டோவுக்குக் கீழ எழுதலாம். அவருக்கும் நல்லது. அது எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு, அந்த மினுமினுக்கிற பூட்ஸுக்கு மேல அது தொங்கிக்கிட்டு இருக்கு, கையெட்டுற தூரத்துல.

"கேட்டான்மா," அப்படிங்கிறாரு.

"என்ன கேட்டான்?"

"சார், எடுக்குற ஆளுக வந்துரட்டுமே சார்னான்."

"நீங்க?"

"நேரமில்லடான்னேன்." பூட்ஸ விட்டு நிமிந்து என்னப் பாக்குறாரு. "ரெண்டாவது தடவ அவன் கேக்கல. ரேடியோவ கழட்டி என் கையில குடுத்தான். போனான்."

கொடிக்கம்பம் தெரியுது. கொடி இருக்கு, நனைஞ்சு கம்பத்தோட ஒட்டிக் கிடக்கு. எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன், வரல. வந்துரட்டுமே. அந்த 'மே'ய இழுப்பான். பொறு, அப்பா வந்துரட்டுமேம்பான். மழை விட்டுரட்டுமேம்பான். எம் மகன் பயந்திருக்கான். பயந்து கேட்டிருக்கான். அதச் சொல்லவும் தெரிஞ்சிருக்கு அவனுக்கு, தன்னவிட எம்புட்டோ பெரிய ஆளுகிட்ட. ரேடியோவக் கழட்டிக் குடுத்திருக்கான், அது ஒடைஞ்சிரக் கூடாதுன்னா, இல்ல வேற எதுக்கா, அத நான் இனிமே சாகிற வரைக்கும் நெனச்சுக்கிட்டேதான் இருப்பேன். அவன மறுபடியும் பறிகுடுத்த மாதிரியும் இருக்கு. அதே நேரத்துல அவன உசுரோட ஒரு நிமிசம் திருப்பிக் குடுத்த மாதிரியும் இருக்கு. இது ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? இந்த ஆளு என்ன மனுசன்? இத எங்கிட்டச் சொல்லணும்னு இவருக்கு என்ன தலையெழுத்து? மணி அடிக்கிறாங்க. "வாங்கம்மா, ஆரம்பிச்சிடுவாங்க"ன்னு ஹவில்தார் தம்பி தோளத் தொடுறாரு. அவரு கை சில்லுன்னு இருக்கு, அவரும் கேட்டுட்டாரு.

மறுபடியும் எல்லாரும் எந்திரிச்சு உக்காந்தாச்சு. வக்கீல் எந்திரிச்சுப் பேசுறாரு, இவரு எத்தன வருசம் வேல பாத்தாரு, எந்தெந்த மலையில எல்லாம் நின்னாரு, எம்புட்டு மெடலு, தானா முன்வந்து ஒத்துக்கிட்டவரு, அதனால தண்டனையக் கொறைக்கணும். நல்லாப் பேசுறாரு. பெரியவரு மூஞ்சி கொஞ்சம் எளகுற மாதிரிகூட இருக்கு. அப்ப கர்னல் கையத் தூக்குறாரு. வக்கீல் பேச்ச நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறாரு. இங்க்லீசுலதான் பேசுறாரு கர்னல், ரெண்டு மூணு வரிதான். வக்கீல் கண்ண மூடிக்கிறாரு. ஹவில்தார் தம்பி எங்காதுகிட்டக் குனியுறாரு. "ஒரு விஷயம் விட்டுப்போச்சுன்னு சொல்றாரும்மா. போக வேணாம், ஆளுங்க வரட்டும்னு உங்க பையன் கேட்டான், நான்தான் அத மதிக்கலன்னு சொல்றாரு." பிரிகேடியர் முன்னால சாய்ஞ்சு என்னமோ கேக்குறாரு. கர்னல் பதில் சொல்றாரு. "இத ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டாரு. யாரும் கேக்கல, சொல்ல எனக்கும் தைரியம் வரல, இன்னைக்கு அவங்க அம்மா கேட்டாங்கன்னு சொல்றாரு."

அஞ்சு பேரும் என்னப் பாக்குறாங்க. சேலைத் தலைப்ப எங்க வைக்கிறதுன்னு தெரியல. நான் என்ன செஞ்சேன்? ஒரே ஒரு கேள்விதான கேட்டேன். எங்க அக்கா போனப்ப இப்படி ஒரு கேள்விய யார்கிட்டக் கேக்கணும்னு எனக்குத் தெரியல, கேட்டாக் கேள்வி இம்புட்டுப் பெரிய எடத்துக்குள்ள வந்து மேசை மேல உக்காரும்னும் தெரியல. பயமா இருக்கு. பெரிய தண்ணியப் பாக்கிற மாதிரிப் பயம். பையன் சொன்னத அவன் பாஷையிலயே எழுதணும்னு பிரிகேடியர் சொல்லிட்டாராம். டைப் அடிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. ஹவில்தார் தம்பியக் கூப்புடுறாங்க. அவரு எந்திரிச்சுப் போறாரு, நான் தனியா உக்காந்திருக்கேன். அம்புட்டுப் பெரிய ஆபீசருங்க நடுவுல அவரு குனிஞ்சு எழுதுறாரு, பேனா கீறுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. எழுதிட்டு நிமிந்து சத்தமாப் படிக்கிறாரு, கர்னல் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும்.

"'சார், எடுக்கிற ஆளுங்க வந்துடட்டுமே சார்.'"

எனக்குள்ள ஏதோ இடிக்கிது. இது அவன் இல்ல. இப்படிப் பேச மாட்டான் எம் மகன். எந்திரிச்சுச் சொல்லணும், சொல்லலாமா, பொம்பளை நடுவுல பேசுனா வெளிய அனுப்பிருவாங்களோ, ஒரு எழுத்துதான, போகட்டும்னு விட்டுருவமா, விட்டா அது அவன் சொன்னதாவே இருக்காதே. நாற்காலியப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கப் போறேன்.

கர்னல் பேனாவ வாங்கல. தலைய ஆட்டுறாரு.

"இல்ல தணிகை. ஆளுக. வந்துரட்டுமே. ட இல்ல, ர."

ஹவில்தார் தம்பி அடிச்சுட்டுத் திருத்தி எழுதுறாரு. பிரிகேடியர் ஒண்ணும் புரியாம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. இந்த ரூம்ல அந்த ஒரு எழுத்து எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தி பெத்தவ. இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காரு.

தீர்ப்பு வரும்போது வெயில் வந்திருச்சு. வேலையிலருந்து நீக்கி, ரெண்டு வருசம் ஜெயில். மேல இருக்கிறவங்க அத உறுதி செய்யணுமாம். "அந்த ஒரு வரி இல்லன்னா இவ்வளவு வந்திருக்காதும்மா"ன்னு ஹவில்தார் தம்பி சொல்றாரு. சந்தோசப்படணுமான்னு மனசுக்குள்ள தடவிப் பாக்குறேன், கையில ஒண்ணும் அகப்படல. மன்னிக்கவும் இல்ல, அது என்னால ஆகாது, ஆகவும் வேண்டாம். அவர வெளிய கூட்டிப் போறாங்க. கதவுகிட்ட நிக்கிற சிப்பாய்ப் பையன்களுக்கு இனிமே இவருக்கு சல்யூட் அடிக்கணுமா கூடாதான்னு தெரியல, கை பாதியில நிக்குது. எம் முன்னால வரும்போது அவரு நடை கொஞ்சம் தளருது. நான் அவரப் பாக்குறேன். அவரும் கண்ண எடுக்கல. வெயிலுக்குள்ள எறங்கிப் போறாரு, அமுங்கின முடி, பெரிய காது. ஜெயில்லயும் அந்தக் காதுல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், எடுக்குற ஆளுக வந்துரட்டுமே சார்னு, அந்த 'மே'ய இழுத்து. ஹவில்தார் தம்பியப் பாத்து, "அந்தப் போன எடு தம்பி"ங்கிறேன். அவன் அப்பாகிட்டப் பேசணும், அவன் என்ன கேட்டான்னு சொல்லணும்.